தம்பியின் அட்டைக்கு வருடக் கட்டணம்

1

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து ஒரு கிழமை ஆகியிருக்காது, அந்தக் கடிதம் வந்துவிடும். லண்டனில் ரயில் சுணங்கும், தபால் சுணங்கும், வைத்தியரைப் பார்க்கக் கேட்ட நாள் மாதக்கணக்கில் சுணங்கும். இந்தக் கடிதம் மட்டும் ஒரு வருடமும் சுணங்கியதில்லை. அன்புள்ள அங்கத்தவரே, உங்கள் வருடக் கட்டணம் அடுத்த கணக்கில் சேர்க்கப்படும் என்று மரியாதையாக எழுதியிருப்பார்கள். மரியாதை கூடக் கூடக் கட்டணமும் கூடும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். இது நீங்கள் கேள்விப்பட்ட கடன் அட்டை இல்லை. கடன் அட்டையென்றால் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். இதற்குச் சார்ஜ் காட் என்று பெயர். இதில் அந்த விளையாட்டெல்லாம் கிடையாது, மாத முடிவில் முழுத் தொகையையும் வைக்க வேண்டும். அதற்கு மேல், அட்டையைக் கைப்பைக்குள் வைத்திருப்பதற்கென்றே வருடத்துக்கு ஒரு தொகை. எங்கள் வீட்டில் இரண்டு கிழமைக்கு அரிசி, மீன், மரக்கறி வாங்கப் போதும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார் என் கணவர். கடிதம் வந்த அன்று அவருக்கு இன்னும் நன்றாகப் பேச்சு வரும். "காட்டுக்கு எறிச்ச நிலா எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். காட்டுக்குக் கட்டின காசை இந்த வீட்டிலதான் பாக்கிறன்."

இவ்வளவையும் கட்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். விமான நிலையத்தில் பெரிய மனிதர்கள் இருக்கும் ஓய்வறைக்குள் போகலாம். நாங்கள் ஒரேயொரு தடவை போனோம், என் தாயின் முப்பத்தோராம் நாளுக்கு ஊருக்கு வந்தபோது. அங்கே எல்லாம் இனாம் என்று தெரிந்ததும் என் கணவர் செத்த வீட்டுக்குப் போகிற முகத்தை மறந்து, குட்டிக் குட்டி ஜாம் போத்தல்களை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் ஆரையம்பதியில் ஜாம் இல்லாமல் பிள்ளைகள் வாடுகிற மாதிரி. அந்த ஜாமைத் தவிர இத்தனை வருடத்தில் அந்த அட்டையால் நாங்கள் கண்ட சுகம் வேறு ஒன்றுமில்லை.

2

என் மகள் துளசி கணக்காளர். தனியாக ஒரு வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, மத்தியானம் சாப்பிட்டபடியே, எங்களுக்கு வந்த கடிதங்களைப் பார்த்துத் தருவாள். இங்கே பிள்ளைகள் அன்பு காட்டுவது இப்படித்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை கேட்க மாட்டார்கள், மின்சாரக் கட்டணத்தைக் குறைத்துத் தருவார்கள். நான் குறை சொல்லவில்லை. கணவர் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து வேலையை விட்ட பிறகு, பாடசாலைச் சமையலறையில் எனக்குக் கிடைக்கும் சம்பளம்தான் வீட்டுக்கு. எங்கே குறைக்கலாம் என்று அவள் தேடுவது நியாயம்.

இந்த வருடம் அவள் கண் அட்டையில் விழுந்தது. மடிக்கணினியைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஓய்வறைக்குப் போகிறீர்களா? இல்லை. பயணக் காப்புறுதி? அப்பாவின் வயதுக்கு அது செல்லாது. சேர்ந்த புள்ளிகளை என்ன செய்தீர்கள்? புள்ளி என்று ஒன்று சேருகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் சிரித்தாள். கட்டணம் போடாத அட்டைகள் எத்தனையோ இருக்கும்போது இதை வைத்திருப்பது ஒரு சல்லிக்கும் பெறுமதியில்லாத வேலை என்று தீர்ப்புச் சொன்னாள். தகப்பன் அவளுக்கு இன்னொரு துண்டு மீன் போட்டார்.

அப்போதுதான் அவள் கணக்கின் கீழ்ப்பகுதியைப் பார்த்தாள். கூடுதல் அட்டை என்று ஒரு தலைப்பு. அதன் கீழே கே. குகதாசன் என்ற பெயர். பெயருக்கு நேரே வெறும் வெள்ளை.

"அம்மா, இது மாமாட காட்தானே? இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"ஏன்?"

கறி அடிப்பிடிக்கப் போகிறது என்று எழும்பிக் குசினிக்குப் போனேன். அடுப்பில் கறி இல்லை. அடுப்பே எரியவில்லை. அவள் பின்னால் வந்து நின்று, மெதுவான குரலில், ஆங்கிலத்தில், அவர் திரும்பி வரப்போவதில்லை என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டாள். அதைத் தமிழில் சொல்ல அவளிடம் போதுமான தமிழ் இல்லை. முதல் தடவையாக அதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

3

குகதாசன் என் ஒரே தம்பி. வீட்டில் குகன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு வளவு பெண்ணுக்கு, ஆண் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். அப்படி ஆரையம்பதியிலிருந்து கல்லடிக்குப் போனவன் குகன். மலரைக் கட்டி, அவளுடைய சீதன வீட்டில் இருந்துகொண்டு, கடற்கரைக்குக் கிட்ட வள்ளங்களின் இஞ்சின் திருத்தும் கடை ஒன்று போட்டான். அடுத்த மார்கழியில் கடல் வந்தது.

அன்று காலை அவனும் மலரும் எங்கள் தாயைப் பார்க்க வாவிப் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதனால் தப்பினார்கள். கல்லடியில் வீடு இல்லை, கடை இல்லை, மலரின் தாய் இல்லை. தேடித் தேடித் தாயின் உடலை எடுத்தார்கள். அழுதார்கள், காரியம் செய்தார்கள், மரண அத்தாட்சிப் பத்திரமும் கையில் வந்தது. அதைவிடப் பெரிய கொடுமை உலகத்தில் இல்லை என்று அப்போது நினைத்தோம். அப்படி ஒரு முடிவு கிடைப்பதும் ஒரு கொடுப்பினை என்று பிறகுதான் தெரிந்தது. கடல் எடுத்ததைத் திருப்பியாவது தந்தது.

அந்த நாட்களில் நான் இங்கே இருந்து துடித்தேன். ஊருக்குப் பணம் அனுப்புவதென்றால் எங்களுக்கெல்லாம் உண்டியல்தான். இங்கே ஒருவருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னால், அவர் கொழும்பில் ஒருவருக்குச் சொல்லி, அங்கிருந்து வீட்டு வாசலுக்குப் பணம் போகும். கடல் வந்த கையோடு அந்தச் சங்கிலி அறுந்து போயிற்று. என்னோடு வேலை செய்த பெண் ஒருத்திதான் இந்த அட்டையைப் பற்றிச் சொன்னாள். வருடக் கட்டணம் இருக்கிறது, ஆனால் உன் வீட்டு ஆள் ஒருவருக்கு இன்னொரு அட்டை சும்மா தருவார்கள், உலகத்தில் எங்கேயும் தேய்க்கலாம் என்றாள். எடுத்தேன். கூடுதல் அட்டைக்கும் என் வீட்டு விலாசத்தைத்தான் போட வேண்டும் என்றார்கள், போட்டேன். ஊருக்குப் போன ஒருவரின் கையில் குகனுடைய அட்டையைக் கொடுத்துவிட்டேன்.

மட்டக்களப்பில் அப்போது அட்டை எடுக்கும் கடைகளை விரல் விட்டு எண்ணலாம். புளியந்தீவில் ஒரு இரும்புக் கடைக்காரர், தூசி தட்டி ஒரு பெட்டியை வெளியே எடுத்து, காபன் தாளை வைத்து, அட்டையின் மேல் பிடியை இழுத்தாராம். தகரமும் ஆணியும் வாங்கிக்கொண்டு வந்த குகன் அன்று பின்னேரமே எனக்கு ரெலிபோன் எடுத்தான்.

"அக்கா, அந்த மனிசன் காட்டை வைச்சு ஒரு இழுவை இழுத்தாரு. காசு கேக்கல்ல. பின்னால ஓடி வருவாரோ எண்டு திரும்பித் திரும்பிப் பாத்துத்தான் வந்தன். இது களவில்லையா?"

அவன் அப்படிச் சிரித்ததைக் கடல் வந்த பிறகு அன்றுதான் கேட்டேன். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு மாதக் கணக்கு எனக்குத் தம்பியின் கடிதம் ஆகிவிட்டது. ஒரு வரியில் தகரம், ஒரு வரியில் சீமெந்து, ஒரு வரியில் இஞ்சின் சாமான். வீடு எவ்வளவு எழும்பியிருக்கும் என்று அதை வைத்தே கணித்துவிடுவேன். மருந்துக் கடை என்று ஒரு வரி வந்தால் உடனே ரெலிபோன் எடுத்து யாருக்குச் சுகமில்லை என்று கேட்பேன். மலருக்குக் காய்ச்சல், இப்போது சுகம் என்பான். ஒரு மாதம், கணக்கு வருவதற்கு முன்பே அவன் பதறிக்கொண்டு எடுத்தான், ஒரு பிழை விட்டுவிட்டேன் அக்கா என்று. நகைக் கடையில் மலருக்குச் சின்னதாக ஒரு சோடித் தோடு வாங்கியிருக்கிறான். கடலில் போனதற்குப் பிறகு அவள் காது வெறுமையாக இருந்ததாம். நான் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, அவனை நன்றாக வேர்க்க விட்டுவிட்டுத்தான், போடா, நல்ல வேலை செய்தாய் என்றேன்.

அந்த வருடங்களில் வருடக் கட்டணம் எனக்குப் பாரமாகவே தெரியவில்லை. முத்திரைச் செலவு என்று நினைத்தேன்.

4

கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வெடி கொளுத்திய பிறகுதான் அது நடந்தது. வடக்கில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஒரு பின்னேரம் கடையைப் பூட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்துப் பக்கம் வந்த குகனை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கண்டவர்கள் இருந்தார்கள். கண்டோம் என்று சொல்லக்கூடிய நிலையில் ஒருவரும் இல்லை.

அவனுடைய சைக்கிள் ரோட்டு ஓரத்தில் நின்றதாம். விழுந்து கிடக்கவில்லை, ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு, பூட்டும் போட்டு நின்றது என்று மலர் சொன்னாள். அப்படியென்றால் அவன் பயப்படவில்லை. ஏறச் சொன்னபோது, இதோ வந்துவிடுவேன்தானே என்று சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறியிருக்கிறான். எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் தாங்க முடியவில்லை. அவன் மல்லுக்கட்டியிருந்தால்கூட மனம் இப்படி நோகாது.

அடுத்த மாதக் கணக்கு வந்தபோது அவன் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தேன்.

வடக்கிலும் எல்லாம் முடிந்த அந்த வைகாசியில், நாங்கள் லண்டன் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். என்னைச் சுற்றி ஆணும் பெண்ணும் நெஞ்சில் அடித்து அழுதார்கள். அங்கே நின்றுகொண்டே மலருக்கு எடுத்தேன். வெற்றியென்று மட்டக்களப்பு ரோட்டில் பாற்சோறு கொடுக்கிறார்கள், கொளுத்துகிற வெடிச் சத்தத்தில் உங்கள் குரல் கேட்கவில்லை என்றாள். பிறகு ஒரு நம்பிக்கையோடு சொன்னாள், சண்டைதான் முடிந்துவிட்டதே மச்சாள், இனி வைத்திருந்து என்ன செய்யப் போகிறார்கள், விட்டுவிடுவார்கள் என்று. எல்லோரும் எல்லாவற்றையும் இழந்து அழுத அன்று, எனக்குள் மட்டும் ஒரு நம்பிக்கை எழும்பியது. அதை அந்தக் கூட்டத்தில் யாரிடம் போய்ச் சொல்வது?

முகாம்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிறைகளிலிருந்து சிலர் வந்தார்கள். குகன் வரவில்லை. எங்கள் தாய் கண்மூடியபோது கொள்ளி வைக்க மகன் இல்லாமல் பெரியம்மாவின் மகன் வைத்தான். மலர் அவனைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். மரணப் பத்திரம் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும் என்கிறார்கள், நான் எப்படி மச்சாள் கையெழுத்துப் போடுவது என்று கேட்டாள். இன்றைக்கும் அவள் பொட்டுத்தான் வைக்கிறாள். ஊரில் நல்ல காரியங்களுக்கு அவளை அழைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சனம் தடுமாறுகிறது. அதனால் அவளே எங்கும் போவதில்லை.

இங்கே மட்டும் ஒரு கொம்பனி சில வருடங்களுக்கு ஒரு தடவை குகனுக்குப் புது அட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. அவன் பெயரைப் போட்டு, மிஸ்டர் என்று முன்னால் போட்டு, பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்தை வையுங்கள் என்று ஒரு குறிப்பும் வைத்து. பிறந்த நாட்டில் எந்தக் கந்தோரும் இப்போது அவன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுவதில்லை. என் வீட்டுக் கதவின் கீழே மட்டும் அவன் பெயர் வந்து விழும். நான் வருடா வருடம் கட்டியது அதற்குத்தான். இதை எந்தக் கணக்காளரிடம் சொல்லி நான் நியாயம் கேட்பது?

5

துளசி கேட்டுப் போன மறுநாள், பாடசாலையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களும் கழுவியான பிறகு, அட்டைக் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். அட்டையை மூட அல்ல. எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. என்னுடையதை மூடிவிட்டு, குகனுடையதை மட்டும் வைத்திருந்தால் கட்டணம் குறையுமோ என்று.

முதலில் நான்தானா என்று பார்ப்பதற்குத் தாயின் கன்னிப் பெயரைக் கேட்பார்கள். எங்கள் தாய்மாருக்குக் கலியாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பெயர்தான் என்று இவர்களுக்கு எப்படி விளக்குவது? ஆரம்பத்திலேயே நான் தாய்வழிக் குடியின் பெயரைக் கொடுத்திருந்தேன். அதை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

பேசிய பெண் நல்ல பெண். என்னை லவ் என்று கூப்பிட்டாள். முதல் அட்டை இல்லாமல் கூடுதல் அட்டை இருக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு கணினியில் எதையோ பார்த்துவிட்டு, மிஸ்டர் குகதாசன் இன்னும் இந்த விலாசத்தில்தான் இருக்கிறாரா என்று கேட்டாள்.

இதற்கு நான் சொன்ன பதில்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. குகன் கலியாணம் முடித்துக் கல்லடிக்குப் போன பிறகு, அவனைத் தேடி யாரும் வீட்டுக்கு வந்தால் எங்கள் தாய் வாயெல்லாம் பல்லாகச் சொல்லுவா, "குகன் இப்ப எங்களோட இல்ல" என்று. மகன் பெண் வீட்டில் சீரும் சிறப்புமாக இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். எங்கள் பக்கத்தில் அது கலியாண வீட்டுப் பேச்சு. நான் அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தேன்.

"நோ. ஹி இஸ் நொட் வித் அஸ் எனிமோர்."

அந்தப் பெண், ஓ, ஐ ஆம் ஸோ ஸொரி என்றாள். இந்த நாட்டில் அவர்கள் காலை நாம் மிதித்தாலும் அவர்கள்தான் ஸொரி சொல்வார்கள். நான் பெருந்தன்மையாக, இட்ஸ் ஓகே என்றேன். கனகாலமா என்று கேட்டாள். ஓம், கனகாலம் என்றேன். உங்களுக்கு என்ன முறை என்று கேட்டாள். என் ஒரே தம்பி என்றேன். அவள் குரல் இன்னும் கனிந்துவிட்டது. நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள், நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், இந்த வருடக் கட்டணத்தையும் தள்ளிவிடுகிறேன் என்றாள்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம், கேட்கிற மாதிரிக் கேட்டால் எல்லாம் கிடைக்கும் என்று பெருமையடித்தேன். அவர் அன்று தானே தேத்தண்ணி போட்டுத் தந்தார். துளசிக்கும் செய்தி அனுப்பினேன், கட்டணம் இல்லை, அட்டை இருக்கிறது என்று.

6

கடிதம் அடுத்த கிழமை வந்தது. தடித்த தாள், பெயரைக் கையால் எழுதியிருந்தார்கள். நான் திறக்கவில்லை. வழக்கம் போல ஞாயிற்றுக்கிழமை துளசிதான் திறந்தாள். வாசித்துக்கொண்டு போனவளின் முகம் மாறியது. எழும்பி வந்து, நான் மா பிசைந்த கையோடு நிற்பதையும் பாராமல் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"நீங்க சொல்லிட்டீங்கம்மா. அவங்ககிட்டச் சொல்லிட்டீங்க. அது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும்."

என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் அழத் தொடங்கினாள். சின்ன வயதில் மாமா ரெலிபோனில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது நினைவிருக்கிறது என்றாள். "நீங்க அழல்ல. அதால நானும் அழல்ல," என்றாள். அவளுக்கு வந்த தமிழில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் தமிழ் தேவையாகவும் இல்லை.

அவள் தோளுக்கு மேலாக, மேசையில் கிடந்த கடிதத்தை நான் வாசித்தேன். உங்கள் சகோதரர் மிஸ்டர் குகதாசனின் மரணச் செய்தியை அறிந்து ஆழ்ந்த கவலையடைகிறோம் என்று தொடங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலர் கந்தோர் கந்தோராகச் சொல்ல மறுத்த சொல்லை, எங்கள் தாய் சாகும்வரை சொல்லாத சொல்லை, நான் பாத்திரம் கழுவிய கையோடு நின்று, இட்ஸ் ஓகே என்று சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். அவள் என் தோளில் தலைவைத்து எத்தனை வருடமோ ஆகிவிட்டது. இது ஒரு மொழிப் பிழை, மாமா சாகவில்லை என்று அந்த நேரத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அழட்டும் என்று மாக் கையாலேயே முதுகைத் தடவினேன்.

7

மறுநாள் காலையே மலருக்கு எடுத்தேன். அங்கே மத்தியானம். அவள் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள், சாப்பாட்டு நேரத்தில்தான் பேச முடியும். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "எங்களோட இல்ல" என்ற இடம் வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். எங்கள் தாய் ஊரெல்லாம் அப்படிச் சொல்லித் திரிந்தது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்ற பிறகு கேட்டாள்.

"அதுல என்ன எழுதியிருக்காங்க? ஒருக்கா வாசிங்க மச்சாள்."

உங்கள் தம்பியின் இழப்புக்காக வருந்துகிறோம் என்று தமிழில் சொன்னேன்.

"மறுகா?"

எங்கள் பக்கத்தில் பிறகு என்பதற்கு மறுகா என்போம். இந்தத் துயரமான நேரத்தில் எங்கள் எண்ணமெல்லாம் உங்களோடும் உங்கள் குடும்பத்தோடும் இருக்கிறது என்று சொன்னேன்.

"மறுகா?"

மறுகா ஒன்றுமில்லை, கையெழுத்துத்தான் என்றேன்.

"எத்தின கந்தோர் ஏறி இறங்கியிருப்பன் மச்சாள். ஒருத்தரும் என்னட்ட இப்பிடி ஒரு சொல்லுச் சொல்லல்ல." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நல்ல மனிசர்தான். ஆனா அவரு மோசம் போனாரெண்டு நாமளே எப்பிடிச் சொல்லுற? எடுத்துச் சொல்லிப் போடுங்க, அது பிழையெண்டு." செத்தார் என்று சொல்லாமல் மோசம் போனார் என்பது எங்கள் வழக்கம்.

சொன்னால் வருடக் கட்டணத்தைத் திரும்பவும் போடுவார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என்ன கட்டணம் என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு அது தெரியவே தெரியாது என்பது எனக்கு நினைவு வந்தது. சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டாள்.

"இத்தின வருசமா நீங்க தனியாவா கட்டின? எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. பாதிய நான் தந்திருப்பனே மச்சாள்."

தையல் கடைச் சம்பளத்தில் அவள் தரக்கூடியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தந்திருப்பாள் என்பதும் தெரியும். கட்டணம் பெறுமதியா இல்லையா என்ற கேள்வி அந்த இடத்தில் எனக்கு முடிந்துவிட்டது. துளசிக்கு எப்படியாவது விளங்கப்படுத்தலாம், அல்லது அவள் திட்டட்டும், கட்டுவது என்று முடிவு செய்தேன்.

8

கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். அது வேறு பிரிவு, இறந்தவர்களின் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள். ஒரு இளைஞன் மிக மெதுவாகப் பேசினான். நான் தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்தேன். ஒரு பிழை நடந்துவிட்டது. என் ஆங்கிலத்தின் பிழை. என் தம்பி இறக்கவில்லை.

"ஓ, இது எவ்வளவு நல்ல செய்தி!" என்றான்.

குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. குகன் சாகவில்லை என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. முகம் தெரியாத அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. அவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டான். யெஸ் என்றேன். அந்தச் சொல் இவ்வளவு லேசாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

வருடக் கட்டணம் திரும்பச் சேரும், பரவாயில்லையா என்று கேட்டான். பரவாயில்லை, போடுங்கள் என்றேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, ஒரு சின்ன விஷயம் என்றான். இறந்துவிட்டார் என்று ஒரு தடவை பதிந்துவிட்டால் அதை வேறு யாரும் மாற்ற முடியாதாம். சொந்த அக்காவும் மாற்ற முடியாதாம். அவரேதான் பேச வேண்டும்.

"அவரை எங்களுக்கு ஒரு தடவை அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும், அவருடைய குரல்தான் எங்களுக்குத் தேவை. எந்த நேரமென்றாலும் இங்கே ஆள் இருப்போம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து அவன் ஹலோ, ஹலோ என்றான். இருக்கிறேன் என்றேன். சொல்லிவிடுவீர்கள்தானே என்று கேட்டான்.

"ஓம்," என்றேன். "சொல்லுறன்."